நேரம் காட்டாத கடிகாரம்

கடைசல் பட்டறைக்குள் போய்ப் பழக்கமுள்ளவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். லேத்தின் மேல் ஒரு காந்தக் கட்டை உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து கிளம்பும் கம்பியின் நுனியில் பாக்கெட் கடிகாரம் போல ஒரு வட்ட முகம் இருக்கும். பன்னிரண்டு மணி எண்கள் அதில் இரா. சுற்றிலும் நூறு கோடுகள் இருக்கும். அடியில் ஒரு சிறிய குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். குச்சியை விரலால் லேசாக அழுத்தினால் முள் சுற்றும். விட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். நம் ஊர் டர்னர்கள் இதை டயல் கேஜ் என்பார்கள். அவசரத்தில் வெறும் 'டயல்'.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அளவுக் கருவிகளுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர்களில் எனக்கு எப்போதும் ஓர் ஈடுபாடு உண்டு. நாம் 'வெர்னியர்' என்று சொல்வது பியேர் வெர்னியே என்ற மனிதரின் பெயர். நாம் மைக்ரோமீட்டர் என்பதைப் பிரெஞ்சுப் பட்டறைகளில் 'பல்மேர்' என்பார்கள். அதுவும் ஒரு மனிதரின் பெயர்தான். ஆனால் டயல் கேஜுக்கு யாருடைய பெயரையும் அவர்கள் வைக்கவில்லை. 'கொம்பராத்தேர்' என்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பது என்று பொருள். ஆங்கிலப் பெயர் அதன் முகத்தைப் பார்த்து வைத்தது. பிரெஞ்சுப் பெயர் அதன் வேலையைப் பார்த்து வைத்தது. இந்தக் கருவியின் வரலாறு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் அதன் இரண்டு மூத்த அண்ணன்களைப் பார்த்துவிடுவோம். வெர்னியே 1580-இல் ஓர்னான் என்ற ஊரில் பிறந்தவர். இன்று அது பிரான்சில் இருக்கிறது. அன்று ஸ்பெயின் அரசரின் ஆட்சியில் இருந்தது. 1631-இல் பிரசெல்ஸ் நகரில் அவர் வெளியிட்ட நூலில்தான் அந்த நகரும் அளவுகோல் விளக்கப்பட்டது. ஒன்பது மில்லிமீட்டர் நீளத்தைப் பத்துச் சம பாகமாக்கி, மில்லிமீட்டர் கோடுகளின் பக்கத்தில் நகர்த்தினால், எந்தக் கோடு எந்தக் கோட்டோடு நேராக நிற்கிறது என்பதை வைத்தே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைப் படித்துவிடலாம். வெறும் கண்ணுக்குக் கிடைத்த பெரிய வரம் அது.

அடுத்தவர் பாரிஸ் நகரத்துத் தொழிலர் ழான் லோரான் பல்மேர். 1848-இல் திருகை வைத்து அளக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். திருகு ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு குறிப்பிட்ட தூரம் நகரும். அந்தச் சுற்றை ஐம்பது பாகமாகப் பிரித்தால் தூரமும் ஐம்பது பாகமாகப் பிரிந்துவிடும். இன்றைய மைக்ரோமீட்டரில் ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர். ஆகவே ஒரு கோடு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. 1867-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்கு வந்த பிரவுன், ஷார்ப் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதைப் பார்த்துவிட்டுப் போய், தங்கள் நாட்டில் செய்து விற்கத் தொடங்கினார்கள். உலகமெங்கும் அது பரவியது அப்படித்தான்.

நூறில் ஒரு மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று நம் கணக்கில் சொல்கிறேன். நம் தச்சர்களும் கொத்தனார்களும் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். அந்த ஒரு நூலை முந்நூற்றுக்கு மேற்பட்ட கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறுதான் அது. ஒரு காகிதத் தாளின் கனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு நுணுக்கமாக அளக்க முடிந்த பிறகு இன்னொரு கருவி எதற்கு? வெர்னியரும் பல்மேரும் இரண்டு தாடைகளுக்கு நடுவே ஒரு பொருளைப் பிடித்து, அதன் நீளமோ கனமோ இவ்வளவு என்று சொல்பவை. பட்டறையில் எழும் கேள்விகளில் பாதி அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. 'இந்தத் தண்டு சுற்றும்போது ஆடாமல் சுற்றுகிறதா?', 'இந்தப் பலகை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மட்டமாக இருக்கிறதா?' என்பவை அந்தக் கேள்விகள். இவற்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற விடை தேவையில்லை. வித்தியாசம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு, எந்தப் பக்கம் என்பதே தேவை.

சைக்கிள் கடையில் 'பெண்டு' எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, போர்க்கின் மேல் கட்டை விரலை ஊன்றி, விரல் நுனியை ரிம்முக்குப் பக்கத்தில் வைப்பார் கடைக்காரர். எங்கே ரிம் விரலைத் தொடுகிறதோ அங்கே கோணல். ரிம்மின் அகலம் எவ்வளவு என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. பழைய டர்னர்கள் லேத்தில் செய்ததும் இதுவே. நாலு தாடை சக்கில் பொருளைப் பிடித்துச் சுழலவிட்டு, ஒரு சாக்குக்கட்டியை மெதுவாகப் பக்கத்தில் கொண்டு போவார்கள். மேடான பக்கத்தில் மட்டும் கோடு விழும். அந்தப் பக்கத்துத் தாடையை இறுக்கி, எதிர்ப் பக்கத்துத் தாடையைத் தளர்த்தி, மறுபடியும் சுற்றுவார்கள். கைதேர்ந்தவர் கண்ணால் பார்த்தே ஓரளவுக்குச் சரி செய்துவிடுவார். ஆனால் அந்தக் கண்ணின் தீர்ப்பைப் பக்கத்திலிருப்பவர் சரிபார்க்க வழியில்லை. நம்பினால் நம்பலாம், அவ்வளவுதான்.

ஒரே மாதிரியாக ஆயிரம் பொருள் செய்ய வேண்டும் என்ற தேவை வந்தபோது இந்த நம்பிக்கை போதாமல் போயிற்று. இதிலும் பிரான்சுக்கு ஒரு பங்கு உண்டு. ஒனோரே பிளான் என்ற துப்பாக்கித் தொழிலர், எந்தத் துப்பாக்கியின் உறுப்பும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும்படி செய்து காட்டினார். அப்போது பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்தவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெஃபர்சன். 1785-இல் அவர் பிளானின் பட்டறைக்கே போனார். ஐம்பது துப்பாக்கிப் பூட்டுகளின் உறுப்புகள் பிரித்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கைக்கு அகப்பட்டதை எடுத்துத் தாமே சில பூட்டுகளைப் பொருத்திப் பார்த்து, எல்லாம் சரியாகச் சேர்ந்தன என்று ஊருக்குக் கடிதம் எழுதினார். ஒவ்வொன்றையும் அராவி அராவி அதன் ஜோடிக்குப் பொருத்துவதே அன்றைய வழக்கம் என்பதை நினைத்தால் அவருக்கு ஏற்பட்ட வியப்பு விளங்கும்.

அந்தக் கனவு முழுதாக நிறைவேறிய இடங்களில் ஒன்று கடிகாரத் தொழில். 1854 முதல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்த்தம் என்ற ஊரில், இயந்திரங்களை வைத்துக் கடிகார உறுப்புகளை ஒரே அச்சாகச் செய்யும் பெரிய தொழிற்சாலை இயங்கியது. கடிகாரத்தின் சமநிலைச் சக்கரத்தைத் தாங்கும் அச்சுமுனை தலைமுடி அளவுதான் தடிப்பு. அதில் சிறிது பிசகினாலும் கடிகாரம் ஓடாது. ஆகவே மிக நுண்ணிய வித்தியாசத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வழி அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அன்றாடத் தேவை.

அதற்கு அவர்களிடம் பழைய தந்திரம் ஒன்றும் இருந்தது. கடிகாரக்காரர்களின் அளவு 'லீஞ்'. பழைய பிரெஞ்சு அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 2.256 மில்லிமீட்டர். மீட்டர் வந்து இருநூறு ஆண்டு கடந்த பிறகும் சுவிஸ் கடிகாரங்களின் அளவை லீஞ்சில் சொல்வது நிற்கவில்லை. அந்த லீஞ்சையும் பன்னிரண்டாகப் பிரித்தால் வருவது 'தூஸியேம்'. இதை அளக்கக் கத்தரிக்கோல் போல ஒரு கருவி வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் குட்டைத் தாடை, மறு பக்கம் நீண்ட வால். தாடை சிறிது திறந்தால் வால் நிறைய நகரும். சிறியதைப் பெரிதாக்கும் நெம்புகோல் கணக்கு, வேறொன்றுமில்லை.

இந்தப் பின்னணியில் 1883-இல் வால்த்தம் ஊர்க்காரரான ஜான் லோகன் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அளவுக் கருவியில் ஒரு மேம்பாடு என்ற அடக்கமான தலைப்பில் அவர் கேட்ட அந்த உரிமைதான் இன்றைய டயல் கேஜின் தொடக்கம். 1896-இல் அந்த உரிமையை ஃபிராங்க் ராண்டால் என்பவர் வாங்கி, ஸ்டிக்னி என்ற கூட்டாளியோடு சேர்ந்து பெருமளவில் செய்து விற்க ஆரம்பித்தார். கடிகார ஊரில் பிறந்த கருவிக்குக் கடிகார முகம் வந்ததில் வியப்பில்லை.

உள்ளே திறந்து பார்த்தால் உறவு இன்னும் தெளிவாகும். கடிகாரத்தில் சுருள்வில்லின் விசை பல்சக்கரங்கள் வழியாக முள்ளுக்குப் போகும். டயலில் குச்சியின் அசைவு போகும். குச்சியின் ஒரு பக்கத்தில் வரிசையாகப் பற்கள், அவை ஒரு சிறு சக்கரத்தைத் திருப்பும், அதே அச்சிலுள்ள பெரிய சக்கரம் இன்னொரு சிறு சக்கரத்தைத் திருப்பும், முடிவில் முள். குச்சி ஒரு மில்லிமீட்டர் ஏறினால் முள் ஒரு முழுச் சுற்று வரும். முள்ளின் நுனி நகரும் தூரம் குச்சி நகர்ந்ததைப் போல நூறு மடங்குக்கும் மேல். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே எப்போதும் சிறிது இடைவெளி இருக்கும். அதனால் முள் தடுமாறாதிருக்க, எப்போதும் ஒரே பக்கமாகப் பல்லை அணைத்து வைப்பது ஒரு ஹேர் ஸ்பிரிங். கடிகாரத்தில் இருக்கும் அதே மயிரிழைச் சுருள். வெளி வளையத்தைக் கையால் திருப்பினால் சுழியத்தை எந்த இடத்தில் வேண்டுமானாலும் கொண்டு வந்து நிறுத்தலாம். கடிகாரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது; நேரத்தின் தொடக்கத்தை நாம் தீர்மானிக்க முடியாது. ஒப்பீட்டின் தொடக்கத்தை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

இந்த உறவு வால்த்தத்தோடு முடிந்துவிடவில்லை. இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் கப்பல்களுக்குக் குரோனோமீட்டர் செய்து பெயர் பெற்ற தாமஸ் மெர்சர் நிறுவனம் பிற்காலத்தில் டயல் கேஜ் செய்தது. நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 1953-இல் பெங்களூரில் லேத் செய்வதற்காகத் தொடங்கப்பட்ட எச்.எம்.டி., 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. நம்மில் பலர் முதல் சம்பளத்தில் வாங்கிக் கட்டிக்கொண்ட கடிகாரம் அதுதான். லேத் செய்கிறவர்களுக்குக் கடிகாரத்தில் என்ன வேலை என்று அன்று கேட்டவர்கள் உண்டு. இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதே விடை.

ஒப்பிட வேண்டுமென்றால் எதோடு என்ற கேள்வி வரும். தனியாக நிற்கும் டயல் ஓர் ஊமை. முதலில் அளவு தெரிந்த ஒன்றை அதன் அடியில் வைத்துச் சுழியத்தை நிறுத்த வேண்டும். பிறகு அதை எடுத்துவிட்டு நம் பொருளை வைக்க வேண்டும். முள் காட்டுவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அந்த அளவு தெரிந்த கட்டைகளைக் கொடுத்தவர் சுவீடனின் எஸ்கில்ஸ்டூனா ஊரில் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன். ஆயிரக்கணக்கான தனித்தனி அளவுக் கட்டைகளை வைத்துக்கொண்டு திண்டாடாமல், நூற்றுச் சொச்சம் கட்டைகளைக் கூட்டிக் கூட்டி வேண்டிய அளவை உண்டாக்கிக்கொள்ளலாம் என்ற யோசனை அவருக்கு 1896-இல் வந்தது. கட்டைகளைத் தேய்த்து மெருகேற்ற வீட்டிலிருந்த தையல் இயந்திரத்தையே மாற்றியமைத்துக்கொண்டார். ராண்டால் டயல் செய்யக் கிளம்பியதும் அதே 1896. கட்டை உண்மையைச் சொல்லும், டயல் அதிலிருந்து விலகியதைச் சொல்லும்.

இனி இந்தக் கருவி மனிதர்களுக்கு நடுவே என்ன செய்தது என்பதற்கு வருகிறேன். லேத் வாங்குகிறவரும் விற்கிறவரும் சண்டை போட்டுக்கொள்வது பழைய கதை. 'இயந்திரம் சரியில்லை' என்பார் ஒருவர். 'உங்கள் ஆளுக்கு ஓட்டத் தெரியவில்லை' என்பார் மற்றவர். பெர்லின் தொழில்நுட்ப உயர்கல்விக் கழகத்தில் பேராசிரியராக இருந்த கேயார்க் ஷ்லெசிங்கர் இதற்கு ஒரு முடிவு கட்டினார். 1927-இல் அவர் வெளியிட்ட சோதனை முறைகளில், இயந்திரத்தின் எந்த இடத்தில் டயலை வைக்க வேண்டும், முள் எத்தனை கோடு அசையலாம் என்று பட்டியலே போட்டுக் கொடுத்துவிட்டார். உதாரணமாக, லேத்தின் சுழல் தண்டுக்குள் ஒரு சோதனை உருளையைச் செருகிச் சுற்றினால், தண்டின் வாய்ப் பக்கம் நூறில் ஒரு மில்லிமீட்டர். 300 மில்லிமீட்டர் தள்ளி நூறில் இரண்டு, மூன்றுக்குள் இருக்க வேண்டும். பிரான்சில் சால்மோன் என்ற பொறியாளர் இதே போன்ற விதிகளைத் தொகுத்தார். ஷ்லெசிங்கர் யூதர். 1933-இல் நாஜிகள் அவரைச் சிறையில் அடைத்துப் பதவியையும் பறித்தார்கள். சுவிட்சர்லாந்து, பெல்ஜியம் என்று போய், கடைசியில் இங்கிலாந்தில் ஆராய்ச்சி செய்து 1949-இல் காலமானார். அவரை விரட்டிய நாட்டிலும், அவருக்கு இடம் கொடுத்த நாட்டிலும் இயந்திரங்கள் அவர் விதிப்படியே சோதிக்கப்பட்டன.

அந்த விதியின் அருமையை நான் ஒரு முறை நேரில் பார்த்தேன். 1980-களின் தொடக்கம். அரசுப் பயிற்சி நிலையம் ஒன்றுக்கு லேத் வந்திறங்கியிருந்தது. சோதனை முடிந்து கையெழுத்தானால்தான் பில்லை அனுப்ப முடியும். ஆய்வுக்கு வந்த பொறியாளரோடு குறிப்பெடுக்க நானும் போயிருந்தேன். 300 மில்லிமீட்டர் தூரத்தில் முள் பதினொரு கோடு ஆடியது. அனுமதி மூன்று கோடு. கொடுத்த நிறுவனத்தின் ஆள், "சார், உங்க உருளையே கோணலா இருக்கும்" என்றார்.

பொறியாளர் கோபப்படவில்லை. "இருக்கலாம், பாத்துடுவோம்" என்றார். சுழல் தண்டில் மேடு வந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். உருளையை வெளியே எடுத்து, அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடியும் செருகினார். "உருளை கோணலா இருந்தா மேடு அதோட சேந்து எதிர்ப் பக்கம் போகணும். தண்டுல கோளாறுன்னா பென்சில் கோட்டுலயே நிக்கும். நீங்களே சுத்துங்க" என்று அந்த ஆளையே சுற்றச் சொன்னார். மேடு பென்சில் கோட்டிலேயே நின்றது. அந்த மனிதர் இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "பேரிங் மாத்தித் தந்துடறோம் சார்" என்றார். மாற்றினார்கள். அடுத்த சோதனையில் இரண்டு கோடு. பில் போயிற்று.

என் உத்தியோகத்தில் எத்தனையோ தகராறுக் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை யார் சொல்வதை நம்புவது என்பதிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இங்கே யாருடைய மானமும் போகாமல் அரை மணி நேரத்தில் தீர்ந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் கையாலேயே சுற்றி, கண்ணாலேயே பார்க்க முடிந்ததுதான் காரணம்.

இதனால் கைத்தொழிலாளியின் அனுபவத்துக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது என்று சிலர் வருந்துவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டயலைப் படிக்கவும் அனுபவம் வேண்டும். சுற்றும் பொருளில் முள் இருபது கோடு ஆடினால் மையம் விலகியிருப்பது பத்துக் கோடுதான். இருபதும் நகர்த்தினால் எதிர்ப் பக்கம் கெட்டுப் போகும். குச்சி பரப்புக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பத்து டிகிரி சாய்ந்தால் காட்டும் அளவு நூற்றுக்கு ஒன்றரை வீதம் கூடிவிடும். முள்ளின் நடையும் பேசும். ஒரு சுற்றுக்கு ஒரு முறை ஏறி இறங்கினால் மையம் விலகல். இரண்டு முறை ஏறி இறங்கினால் பொருள் வட்டமாக இல்லை, நீள்வட்டமாகியிருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் துடித்தால் பேரிங்கில் தளர்ச்சி. எண் மட்டும் காட்டும் மின்னணு டயல் வந்த பிறகும் மூத்த டர்னர்கள் முள்ளை விடாததற்கு இதுதான் காரணம். எண்கள் ஓடி மறைந்துவிடும். முள்ளின் நடையைக் கண் தொடர்ந்து போக முடியும்.

வாசகர்களில் பழைய ஸ்கூட்டரோ காரோ இன்னும் வைத்திருப்பவர்கள் உண்டு. எஞ்சினை போரிங்குக்குக் கொடுக்கும்போது ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். நல்ல மெக்கானிக் சிலிண்டருக்குள் டயல் பொருத்திய போர் கேஜை இறக்கி, மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் பார்ப்பார். ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தடவை. அந்த ஆறு எண்களையும் ஒரு காகிதத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள். பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவருக்கு இந்தக் கேள்வியால் கோபம் வராது, சந்தோஷமே வரும்.